எந்தப் பக்கமும் சாயாமல் நிற்க என்ன விலை? ஆசியான் முன்னால் இருக்கும் வழிகள்

பினாங்கில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் ஏற்றுமதிப் பத்திரங்கள் பார்ப்பது என் வேலை. பாயான் லெப்பாஸில் இருக்கும் ஒரே தொழிற்சாலையிலிருந்து ஒரே வாரத்தில் சரக்கு மூன்று திசைக்குப் போகும். சீனாவுக்குப் போனால் ஃபார்ம் ஈ, தாய்லாந்துக்கோ வியட்நாமுக்கோ போனால் ஃபார்ம் டி, அமெரிக்காவுக்குப் போனால் வரிச்சலுகை எதுவும் கேட்காத சாதாரண சி.ஓ., அதாவது சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று சொல்லும் சான்றிதழ். இப்போது பாதிக்கு மேல் கணினியிலேயே முடிந்துவிடுகிறது, ஆனாலும் நாங்கள் இன்னும் மூன்று அடுக்கு என்றுதான் சொல்கிறோம்.

2025 மே 6 முதல் அந்த மூன்றாவது அடுக்குக்கு விதி மாறியது. அதுவரை வர்த்தகச் சங்கங்களும் கொடுத்துவந்த சான்றிதழை, அமெரிக்காவுக்குப் போகும் சரக்கென்றால் இனி முதலீடு, வாணிபம், தொழில்துறை அமைச்சு மட்டுமே கொடுக்கும் என்று அறிவிப்பு வந்தது. சீனாவில் செய்த பொருள் மலேசியப் பெயரில் அமெரிக்காவுக்குள் நுழைகிறது என்று வாஷிங்டனுக்குச் சந்தேகம்; அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க இங்கே நடைமுறை மாற்றம். அப்புறம் ஜூலை 14 அன்று, அமெரிக்கத் தயாரிப்பான உயர்திறன் ஏ.ஐ. சிப்புகள் இந்த நாட்டைத் தாண்டிப் போவதற்கு அனுமதி கட்டாயம் என்று இன்னொரு அறிவிப்பு. வல்லரசுப் போட்டி என்று செய்தியில் படிப்பது என் மேசைக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது.

மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கும்போது நண்பர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: “கடைசியில நாம அமெரிக்கா பக்கமா, சீனா பக்கமா?” எந்தப் பக்கமும் இல்லை என்பது நம் அரசாங்கத்தின் பதில், தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் பதிலும் அதுதான். எனக்கும் அந்தப் பதில் பிடிக்கும். ஆனால் எந்தப் பக்கமும் இல்லாமல் இருப்பதிலேயே நாலைந்து வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு, அந்த விலையை யாரும் சொல்வதில்லை. அதனால்தான் இந்த ஒப்பீட்டை எழுத உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்வி வைத்துப் பார்க்கிறேன். ஆபத்து வரும் நாளில் யாராவது வருவார்களா? நம் பிழைப்பு கெடாமல் இருக்குமா? பிடிக்காமல் போனால் திரும்பி வர முடியுமா?

முதலில் அமெரிக்கா பக்கம் சாய்வது. இந்த வழியில் போன நாடு பிலிப்பைன்ஸ், ஆகவே அதன் அனுபவத்தைப் பார்ப்பதே நியாயம். 1951 இல் போட்ட பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் இன்றும் உயிரோடு இருக்கிறது. 1991 செப்டம்பரில் அமெரிக்கத் தளங்களை நீட்டிக்க வேண்டாம் என்று மணிலா செனட் 12க்கு 11 என்ற கணக்கில் முடிவெடுத்தது, மறு ஆண்டு சூபிக் விரிகுடாவிலிருந்து கடைசி அமெரிக்கப் படையினர் கிளம்பினார்கள். 1995 தொடக்கத்தில், தென்சீனக் கடலில் பிலிப்பைன்ஸ் உரிமை கோரும் மிஸ்சீஃப் திட்டில் சீனா கட்டடம் எழுப்பியிருப்பது தெரியவந்தது. தளம் போனதும் சீனா வந்துவிட்டது பார், ஆகவே தளம் வேண்டும் என்று வாதாடுபவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். வாதம் வலுவானது, நான் மறுக்கவில்லை.

ஆனால் அதற்குப் பின் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2012 இல் ஸ்கார்பரோ திட்டில் இரு நாட்டுக் கப்பல்களும் எதிரெதிரே நின்றன. இருவரும் விலகுவது என்று பேசி முடிவானதாக மணிலா சொன்னது. பிலிப்பைன்ஸ் கப்பல்கள் விலகின, சீனக் கப்பல்கள் நின்றுவிட்டன. பாதுகாப்பு ஒப்பந்தம் அப்போதும் இருந்தது. 2014 இல் அமெரிக்கப் படைகள் பிலிப்பைன்ஸ் முகாம்களைப் பயன்படுத்த இன்னொரு உடன்பாடு வந்தது, 2023 இல் முகாம்களின் எண்ணிக்கை ஐந்திலிருந்து ஒன்பதாக உயர்ந்தது. 2024 ஜூன் 17 அன்று என்ன நடந்தது? இரண்டாம் தாமஸ் திட்டில் ஒரு பழைய போர்க்கப்பல் தரைதட்டிக் கிடக்கிறது, பெயர் சியரா மாட்ரே. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் கட்டிய கப்பல். 1999 இல் பிலிப்பைன்ஸ் வேண்டுமென்றே அதை அங்கே தரைதட்ட வைத்து, துருப்பிடித்த அந்த உடம்புக்குள் சில வீரர்களைக் குடிவைத்து, ‘இது எங்கள் இடம்’ என்று சொல்லி வருகிறது. அவர்களுக்குச் சாப்பாடும் சாமானும் கொண்டுபோன சிறு படகுகளை அன்று சீனக் கடலோரக் காவல்படை கத்தியும் கோடரியுமாகச் சூழ்ந்துகொண்டது, ஒரு பிலிப்பைன்ஸ் கடற்படை வீரரின் கட்டைவிரல் போனது. ஒப்பந்தம் கையில் எடுக்கப்படவில்லை. ஏனென்றால் அது ஆயுதத் தாக்குதலுக்கான ஒப்பந்தம், கோடரிக்கும் நீர்ப்பீச்சிக்கும் அதில் தெளிவான பதில் இல்லை. அடுத்த மாதமே மணிலாவும் பெய்ஜிங்கும் நேராகப் பேசி, அந்தக் கப்பலுக்குச் சாமான் கொண்டுபோக ஒரு தற்காலிகப் புரிந்துணர்வுக்கு வந்தன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 ஏப்ரலில் அமெரிக்கா வரிப்பட்டியல் அறிவித்தபோது, உடன்படிக்கை நாடான பிலிப்பைன்ஸுக்கும் 17 சதவீதம் போட்டது, கோடை முடிவதற்குள் அது 19 ஆனது. தோளோடு தோள் நிற்பவன் என்பதற்காகச் சுங்கச்சாவடியில் யாரும் கழித்துக்கொள்ளவில்லை. ஆகவே என் மூன்று கேள்வியில் முதலாவதற்கு ‘பெரும்போர் என்றால் வருவார்கள், தினசரித் தொல்லைக்கு வரமாட்டார்கள்’ என்பதே பதில். மூன்றாவதற்குப் பதில் கொஞ்சம் நல்லது, 1991 ஐப் பாருங்கள், வேண்டாம் என்று சொன்னதும் போனார்கள். இதைச் சாதாரணமாக எண்ணக் கூடாது.

அடுத்தது சீனா பக்கம் சாய்வது. கம்போடியாவும் லாவோஸும் இந்த வழியில் வெகுதூரம் போனவை. 2012 ஜூலையில் புனோம் பென்னில் நடந்த வெளியுறவு அமைச்சர்கள் கூட்டத்தில், தென்சீனக் கடல் பற்றிய வரிகளைச் சேர்க்கக் கம்போடியா ஒப்பவில்லை, 45 ஆண்டு வரலாற்றில் முதல்முறையாகக் கூட்டறிக்கை இல்லாமல் ஆசியான் கலைந்தது. இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் மார்ட்டி நத்தலெகாவா தலைநகர் தலைநகராக ஓடி, ஆறு அம்சக் கோட்பாடு ஒன்றை வாங்கி, மானத்தைக் காப்பாற்றினார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, அந்த வாரம் அது அப்படியே நடந்தது.

இந்தச் சாய்வால் பலன் இல்லையா என்றால், இருக்கிறது. லாவோஸுக்குக் கடலே கிடையாது, 2021 டிசம்பரில் சீன எல்லையிலிருந்து வியந்தியானுக்கு ரயில் ஓடத் தொடங்கியது அந்த மக்களுக்குப் பெரிய விஷயம். வேறு யாரும் அதைக் கட்டித் தர வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் கடன் ஏறியது, நாட்டின் உயர் அழுத்த மின்கடத்தல் கட்டமைப்பை நடத்தும் நிறுவனத்தில் பெரும்பங்கு சீன மின்நிறுவனத்திடம் போனது. சுவிட்ச் இன்னொருவன் கையில் இருக்கும் வீட்டில், எல்லை பற்றிப் பேச்சு வந்தால் வீட்டுக்காரன் குரலை எவ்வளவு உயர்த்துவான்? என் மூன்றாவது கேள்விக்கு, திரும்பி வர முடியுமா என்பதற்கு, இந்த வழி கொடுக்கும் பதில்தான் என்னைப் பயமுறுத்துகிறது.

முதல் கேள்விக்கான பதிலை 2025 ஜூலையில் கம்போடியாவே காட்டியது. தாய்லாந்தோடு ஐந்து நாள் சண்டை நடந்தபோது, ரியாம் கடற்படைத் தளத்தைச் சீனப் பணத்தில் புதுப்பித்துக்கொண்ட அந்த நாடு ஐ.நா. பாதுகாப்புச் சபையைத்தான் நாடியது. புத்ராஜெயாவில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் முன்னிலையில் போர்நிறுத்தம் முடிவானதற்கு, ‘நிறுத்தாவிட்டால் வரிப்பேச்சு கிடையாது’ என்று டிரம்ப் இரு தலைவர்களிடமும் சொன்னது பெரிய காரணம். பின்னர் கம்போடியப் பிரதமர் ஹுன் மானெட் டிரம்பை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார். டிசம்பரில் சண்டை மறுபடி மூண்டது என்பது வேறு வருத்தம்.

சரி, இரண்டும் வேண்டாம், நடுநிலை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவோம் என்பது மூன்றாவது வழி. கேட்க இதுதான் மிக அழகாக இருக்கும். இதில் நம் நாட்டுக்குச் சொந்தக் கதையே உண்டு. 1968 ஜனவரியில் பிரிட்டன், சூயஸுக்குக் கிழக்கே இருக்கும் தன் படைகளை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. அதே மாதம் நம் நாடாளுமன்றத்தில் துன் டாக்டர் இஸ்மாயில் எழுந்து, தென்கிழக்காசியாவை நடுநிலைப் பகுதியாக்க வேண்டும், அதற்குச் சீனா உட்பட வல்லரசுகள் உறுதி தர வேண்டும் என்றார். காவல்காரன் போகிறான், ஆகவே பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து இந்த வீட்டைத் தொடமாட்டோம் என்று சத்தியம் செய்யட்டும் என்பது யோசனை. 1971 நவம்பர் 27 அன்று கோலாலம்பூர்ப் பிரகடனமாக அது வெளிவந்தது: அமைதி, சுதந்திரம், நடுநிலை மண்டலம்.

அன்று கையெழுத்திட்ட ஐந்து நாடுகளின் நிலையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பிலிப்பைன்ஸில் கிளார்க்கும் சூபிக்கும் அமெரிக்கத் தளங்கள். தாய்லாந்தின் ஊதபாவோவிலிருந்து பி-52 குண்டுவீச்சு விமானங்கள் வியட்நாமுக்குப் பறந்துகொண்டிருந்தன. மலேசியாவும் சிங்கப்பூரும் அதே நவம்பர் 1 அன்றுதான் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடு ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தன. பட்டர்வொர்த் விமானத் தளத்தில் அந்த ஏற்பாட்டின் தலைமையகம் இன்றும் இருக்கிறது, ஆஸ்திரேலியர்களும் இருக்கிறார்கள், எங்கள் தீவிலிருந்து பார்த்தால் அக்கரையில் அவர்கள் விமானம் இறங்குவது தெரியும். வல்லரசுகள் உறுதி தர வேண்டும் என்ற பகுதி இந்தோனேசியாவுக்குப் பிடிக்கவில்லை, சிங்கப்பூருக்கு முழு யோசனை மீதே நம்பிக்கை இல்லை. கடைசியில் உறுதியும் வரவில்லை. அந்தக் கனவின் அடுத்த துண்டு 1995 இல் பாங்காக்கில் கையெழுத்தான அணு ஆயுதமில்லா மண்டல ஒப்பந்தம். வல்லரசுகளுக்கென்று ஒரு பின்னிணைப்பு வைத்தார்கள். 2025 வரைக்கும் ஐந்து அணு வல்லரசுகளில் ஒன்றுகூட அதில் கையெழுத்துப் போடவில்லை.

கையெழுத்துப் போட்டிருந்தால்? அதற்கும் ஒரு பதில் என் வீட்டில் இருக்கிறது. லாவோஸ் போய்வந்த நண்பர் ஒருவர் எனக்கு ஒரு கரண்டி கொண்டுவந்து கொடுத்தார். மங்கலான வெள்ளை நிறம், கையில் எடுத்தால் எடையே தெரியாது, காம்பில் வார்ப்பு மணலின் சொரசொரப்பு. சியாங் குவாங் மாநிலத்தில் பான் நாப்பியா என்று ஒரு கிராமம், அங்கே போர்க்கால அலுமினியத்தை உருக்கி அச்சில் ஊற்றிக் கரண்டி செய்கிறார்கள். அமெரிக்கா போட்ட குண்டுகளின் மிச்சம் அது.

அந்த லாவோஸ் 1962 ஜூலை 23 அன்று ஜெனீவாவில் நடுநிலை நாடு என்று 14 நாடுகளின் கையெழுத்தோடு அறிவிக்கப்பட்ட நாடு. அமெரிக்கா, சோவியத் யூனியன், சீனா, வட வியட்நாம் எல்லாரும் போட்டார்கள். வட வியட்நாம் தன் படைகளை விலக்கவில்லை, ஹோ சி மின் பாதை லாவோஸ் காட்டுக்குள்தான் ஓடியது. சி.ஐ.ஏ. ஒரு ரகசியப் படையை வளர்த்தது. 1964 முதல் 1973 வரை இருபது லட்சம் டன்னுக்கு மேல் குண்டு விழுந்தது, அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெடிக்காமல் மண்ணுக்குள் தங்கி, இன்றும் வயலில் வெடித்துப் பிள்ளைகளைக் கொல்கிறது. பக்கத்தில் கம்போடியாவில் சிஹானூக் 1957 இல் நடுநிலையைச் சட்டமாகவே ஆக்கினார், இரு பக்கமும் பேசிப் பேசிப் பத்தாண்டுக்கு மேல் ஓட்டினார். 1969 இல் அங்கேயும் ரகசியக் குண்டுவீச்சு தொடங்கியது, 1970 மார்ச்சில் அவர் வெளிநாட்டில் இருந்தபோது பதவி பறிபோனது, அதற்குப் பின் அந்த மக்களுக்கு நேர்ந்தது உலகுக்குத் தெரியும். தன் மண்ணில் யார் நுழைந்தாலும் தடுக்க முடியாத நாட்டுக்கு, மற்றவர் கையெழுத்து ஒரு மழைக்குக்கூடத் தாங்காத குடை. இந்த வழியை நான் ஒதுக்குவது அதனால்தான்.

நான்காவது, அவரவர் சாமர்த்தியம். இன்றைக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். இதில் கைதேர்ந்தவை வியட்நாமும் சிங்கப்பூரும்.

வியட்நாமுக்குப் பாடம் ரத்தத்தில் கிடைத்தது. 1978 நவம்பரில் சோவியத் யூனியனோடு நட்பு ஒப்பந்தம், மூன்றே மாதத்தில் சீனா வடக்கு எல்லையைத் தாண்டி உள்ளே வந்தது, சோவியத் படை வரவில்லை. 1988 இல் ஜான்சன் திட்டில் சீனாவோடு நடந்த மோதலில் 64 வியட்நாமிய வீரர்கள் செத்தபோதும் மாஸ்கோ அமைதியாக இருந்தது. ஒருவரோடு கூட்டுச் சேர்வது இல்லை, ஒருவருக்காக இன்னொருவரை எதிர்ப்பது இல்லை, அந்நியத் தளம் இல்லை, பலப்பிரயோகம் இல்லை என்ற அவர்களின் ‘நான்கு இல்லை’ கொள்கைக்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது. 2023 செப்டம்பரில் பைடன் ஹனோய் போனார், டிசம்பரில் ஷி ஜின்பிங் போனார், 2024 ஜூனில் புதின் போனார். பத்து மாதத்துக்குள் மூன்று பேரையும் வாசலில் வரவேற்ற நாடு அது. ஆனால் அந்தப் புன்னகைக்குப் பின்னால் ரஷ்யாவிடம் வாங்கிய ‘கிலோ’ ரக நீர்மூழ்கிகள் ஆறு இருக்கின்றன, ஸ்ப்ராட்லி தீவுகளில் அவர்களும் மண் கொட்டித் தீவை அகலமாக்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

சிங்கப்பூரின் முறை வேறு. கொள்கை என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு, எதிரில் யார் நின்றாலும் அதையே சொல்வது. 1983 இல் அமெரிக்கா கிரெனடாவுக்குள் படையோடு நுழைந்ததை ஐ.நா. பொதுச்சபை கண்டித்தபோது சிங்கப்பூர் அமெரிக்காவுக்கு எதிராக வாக்களித்தது, 2022 இல் உக்ரைனுக்காக ரஷ்யா மீது தானாகத் தடை விதித்த ஒரே ஆசியான் நாடும் அதுதான். யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம் 1967 இல் பாங்காக்கில் ஆசியானை உருவாக்கிய ஐவரில் ஒருவர் என்பது நம்மில் பலருக்குப் பெருமை. அவர் போட்ட வெளியுறவுக் கோடு இன்னும் அங்கே அழியவில்லை. இருந்தும் விலை உண்டு. 2016 நவம்பரில் தைவானில் பயிற்சி முடிந்து வணிகக் கப்பலில் திரும்பிய ஒன்பது சிங்கப்பூர்க் கவச வாகனங்கள் ஹாங்காங் துறைமுகத்தில் பிடிபட்டன, இரண்டு மாதம் கழித்துத்தான் விட்டார்கள். எங்கள் தொழிலில் ஒரு கண்டெய்னர் இரண்டு நாள் நின்றாலே தூக்கம் போகும்.

இந்த நான்காவது வழியின் உண்மையான பலவீனம் 2025 ஏப்ரலில் வெளிப்பட்டது. கம்போடியா 49 சதவீதம், லாவோஸ் 48, வியட்நாம் 46, தாய்லாந்து 36, இந்தோனேசியா 32, மலேசியா 24 என்று வரிப்பட்டியல் வந்தது. பொருளாதார அமைச்சர்கள் கூடி, பதிலடி கொடுக்கமாட்டோம் என்று அறிக்கை விட்டார்கள். ஆசியான் முழுவதும் சேர்ந்து பேசலாம் என்று தலைமையில் இருந்த மலேசியா முயன்றது. ஆனால் அதற்குள்ளாகவே வியட்நாமியக் கட்சித் தலைவர் தோ லாம் டிரம்போடு தொலைபேசியில் பேசிவிட்டார், ஒவ்வொருவராக வாஷிங்டனுக்கு விமானம் ஏறினார்கள், ஒவ்வொருவரும் பக்கத்து நாட்டைவிட ஒரு புள்ளி குறைவாக வாங்கிவிட முடியுமா என்று பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு அரசுக்கும் பின்னால் ஆலையில் வேலை பார்க்கும் லட்சக்கணக்கான பேர் இருக்கிறார்கள், எங்கள் தீவிலேயே எத்தனை குடும்பம். ஆனால் 68 கோடி மக்கள் உள்ள ஒரு வட்டாரம் பத்துத் தனித்தனி வாடிக்கையாளராக வரிசையில் நின்றது என்பது நடந்த உண்மை.

அதன் விளைவு அந்த அக்டோபரில் கோலாலம்பூரில் கையெழுத்தான மலேசிய-அமெரிக்க வாணிப உடன்பாட்டில் தெரிந்தது. 5.1 என்ற பிரிவைப் படித்துப் பாருங்கள். தன் பாதுகாப்புக்கென்று அமெரிக்கா ஒரு மூன்றாம் நாட்டின் மேல் வரியோ தடையோ போட்டால், மலேசியாவும் அதற்குச் சமமான நடவடிக்கையை எடுக்க வேண்டும் என்ற பொருளில் அது போகிறது. நம் நலனோடு ஒத்துப்போனால் மட்டுமே செய்வோம் என்று அரசாங்கம் விளக்கம் சொன்னது, எதிர்க்கட்சியும் முன்னாள் அதிகாரிகளும் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். அரசாங்கத்தின் விளக்கம் நேர்மையானது என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பிரிவு நடைமுறைக்கு வருகிறதோ இல்லையோ, 1971 இல் நடுநிலை மண்டலம் என்று அறிவித்த அதே நகரத்தில் அப்படி ஒரு வாசகத்துக்கு நாம் சம்மதித்தது எனக்கு வலித்தது. கெட்டிக்காரத்தனம் குறைந்ததால் அப்படி ஆகவில்லை. தனியாகப் பேசப் போனவனுக்கு அந்த மேசையில் வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

ஆகவே ஐந்தாவது வழிக்கு வருகிறேன், என் வாக்கு இதற்குத்தான்: எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பதைச் சேர்ந்து செய்வது, முடிந்தவர்கள் மட்டுமாவது சேர்ந்து செய்வது. 1948 இல் முகமது ஹத்தா இந்தோனேசியாவின் நிலையை இரண்டு பாறைகளுக்கு நடுவே படகு வலிப்பது என்று சொன்னார். வலிப்பது என்ற சொல்லை நான் விடமாட்டேன், ஏனென்றால் 2019 இல் ஆசியான் வெளியிட்ட இந்தோ-பசிபிக் பார்வை அறிக்கையைப் படித்தால் வலிக்கும் கை எதுவும் தெரியவில்லை. நல்ல சொற்கள் எல்லாம் இருக்கின்றன, ஒருவரைச் சீனா நெருக்கும்போதோ அமெரிக்கா நெருக்கும்போதோ மற்ற ஒன்பது பேர் என்ன செய்வார்கள் என்பது மட்டும் இல்லை.

சேர்ந்து செய்வது என்றதும், பதினொருவரும் ஒத்துக்கொண்டால்தானே என்று கேட்பீர்கள். 2025 அக்டோபரில் திமோர்-லெஸ்டேயும் சேர்ந்தபின் எண்ணிக்கை பதினொன்று. ஆசியான் சாசனத்தின் 20ஆம் விதி, கலந்துபேசி ஒருமித்த கருத்தால் முடிவெடுக்க வேண்டும் என்கிறது, 2012 இல் ஒரு நாடு மறுத்து எல்லாம் நின்றதும் இதனால்தான். ஆனால் அடுத்த விதியையும் படியுங்கள். பொருளாதாரக் கடப்பாடுகளை நிறைவேற்றும்போது, ஒருமித்த சம்மதம் இருந்தால், தயாராக இல்லாதவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் முன்னால் போகலாம் என்ற ஏற்பாடு அதில் ஏற்கெனவே இருக்கிறது. வாணிபத்தில் ஏற்றுக்கொண்ட அந்த முறையைக் கடல் விவகாரத்துக்கும் கொண்டுவர முடியும், ஆசியான் பெயரில் முடியாவிட்டால் சம்பந்தப்பட்டவர்கள் தனியாகக் கூடியாவது.

கடலில் இதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு, பேசப்படுவது குறைவு. 2022 டிசம்பரில் இந்தோனேசியாவும் வியட்நாமும் பன்னிரண்டு ஆண்டு பேச்சுக்குப்பின் தங்கள் பொருளாதார மண்டல எல்லையை முடித்துக்கொண்டன. 2014 இல் இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் முடித்தன. 2009 இல் மலேசியாவும் வியட்நாமும் தென்சீனக் கடலின் கண்டத்திட்டு பற்றி ஐ.நா. ஆணையத்தில் கூட்டாக மனுக் கொடுத்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் வேலித்தகராறைத் தீர்த்துக்கொண்டால், வெளியிலிருந்து வருபவனின் கோடு யாருடைய நிலத்தில் ஏறுகிறது என்று பளிச்சென்று தெரியும். மலேசியா, புருணை, பிலிப்பைன்ஸ், வியட்நாம், இந்தோனேசியா ஐந்தும் இந்த வேலையை முடித்தாலே போதும். 2016 ஜூலை 12 அன்று ஹேக் நடுவர் மன்றம் சீனாவின் கடல் உரிமைக் கோரிக்கைக்கு எதிராகத் தந்த தீர்ப்பைத் தனியாகத் தூக்கிப்பிடிக்கும் சுமையும் மணிலாவுக்குக் குறையும். சரவாக்குக்கு அப்பால் இருக்கும் லூகோனியா திட்டுப் பக்கம் சீனக் கடலோரக் காவல் கப்பல் வந்து நிற்கும்போது மெதுவாகப் பேசும் பழக்கமும் நமக்குக் குறையலாம்.

இந்த வழிக்கும் விலை இருக்கிறது. உள்நாட்டு எல்லைத் தகராறில் விட்டுக்கொடுத்தால் எந்த அரசும் தேர்தலில் அடி வாங்கும். பெய்ஜிங் இதைச் சுற்றிவளைப்பு என்று சொல்லும், வாஷிங்டன் இதை இரண்டுங்கெட்டான் நிலை என்று சொல்லும், இருவருமே ஒவ்வொரு நாட்டையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசிப் பிரிக்கப் பார்ப்பார்கள். லாவோஸும் கம்போடியாவும் ஒதுக்கப்பட்டதாக எண்ணி இன்னும் வடக்கே சாயலாம், அவர்களுக்குக் கடலைத் தவிர வேறு எதில் நாம் கைகொடுக்கிறோம் என்று காட்டாமல் இது நடக்காது, மின்சாரம் வாங்குவதிலிருந்து கடன் வரை. மியன்மார் வேறு இருக்கிறது. ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் 2021 ஏப்ரலில் போட்ட ஐந்து அம்ச ஒருமித்த கருத்தை அங்கே நிறைவேற்ற முடியாத ஆசியான், வெளியே இருப்பவர்களை எப்படித் தடுக்கும் என்று கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானதே. இத்தனை இருந்தும், என் மூன்று கேள்விக்கும் ஓரளவாவது பதில் தருவது இதுதான். ஆபத்தில் யாரும் படை அனுப்பமாட்டார்கள், ஆனால் தொல்லை கொடுப்பவன் ஒருவனோடு மட்டும் மோதவில்லை என்று தெரிந்து தயங்குவான். இரண்டு சந்தையும் திறந்தே இருக்கும். திரும்பிப் போகும் கதவும் சாத்தப்படாது, ஏனென்றால் சாவி யாரிடமும் கொடுக்கவில்லை.

2026 க்கு ஆசியான் தலைமை பிலிப்பைன்ஸிடம். தென்சீனக் கடல் நடத்தை விதிகளை இந்த ஆண்டுக்குள் முடிப்பது என்று சீனாவோடு இலக்கு வைத்திருக்கிறார்கள், 2002 இல் அதற்கான முதல் பிரகடனம் வந்தது, இருபத்து நான்கு ஆண்டாகிறது. அது முடிந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அதற்காகக் காத்திருக்காமல் தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. மூன்றாம் நாட்டுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லும் எந்த வாசகத்துக்கும், அது வாஷிங்டனிலிருந்து வந்தாலும் பெய்ஜிங்கிலிருந்து வந்தாலும், உறுப்பு நாடு எதுவும் இனி தனியாக ஒப்புக்கொள்ளாது, முதலில் மற்றவர்களிடம் காட்டும் என்று ஒரு பக்க உறுதிமொழி. போர்க்கப்பல் வேண்டாம், பணம் வேண்டாம். வாணிப அமைச்சர்கள் ஆண்டுதோறும் கூடத்தான் போகிறார்கள், அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் ஒரு வரி போதும், அதை முன்மொழிய 5.1 ஐ அனுபவித்த மலேசியாவைவிடப் பொருத்தமான நாடு எனக்குத் தெரியவில்லை.